இசைத்தட்டு ஒட்டிய இடம்

3.5.2005, செவ்வாய்

நேற்று மாலை முழுவதும் வயரைத் தவறான துளையில் சொருகி வைத்திருந்தேன். கம்ப்யூட்டரின் பின்பக்கம் இளஞ்சிவப்பில் ஒரு துளை, நீலத்தில் ஒரு துளை. இளஞ்சிவப்பு மைக்குக்கு. நீலம்தான் வெளியிலிருந்து வரும் பாட்டுக்கு. வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்த அன்றைக்கு நானும் எழுதிக்கொண்டேன். எழுதியும் மாற்றிச் சொருகிவிட்டேன். பதிவானது பாட்டு மாதிரியே இல்லை. தகர டப்பாவுக்குள் யாரோ சண்டை போடுவது போல இருந்தது.

இன்று சத்யா மேடம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மைக்குன்னா மனுசன் பேசுறதுக்கும்மா. அதுக்குள்ள இவ்ளோ பெரிய சத்தத்தத் திணிச்சா அது அழாம என்ன செய்யும்?"

அரியலூரில் எங்கள் மாலை நேர கம்ப்யூட்டர் வகுப்பை நடத்துகிறவர் அவர்தான். தினமும் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். என்ன செய்தோம், எங்கே தவறினோம், நாளை என்ன. என் குறிப்பில் நடுப்பகுதிதான் எப்போதும் நீளமாகப் போகிறது.

கெட்டுப்போன பதிவை அழிக்கவில்லை. பகலில் நான் வேலை பார்ப்பது மருந்துக் கடையில். அங்கே காலாவதியான மருந்தைக்கூட உடனே எறிய மாட்டோம், தனி அட்டைப்பெட்டியில் போட்டு வைப்போம். அந்தப் பழக்கம். "தவறு 1" என்று பெயர் வைத்து ஓரமாகப் போட்டேன்.

இது வகுப்புப் பயிற்சி மட்டும் என்றால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இசைத்தட்டு கொளஞ்சி மாமாவுடையது. என் அக்கா ராசாத்தியின் வீட்டுக்காரர். செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே மைக் செட் வைத்திருக்கிறார். மாரியம்மன் திருவிழாவுக்கு எப்போதும் அவர் குழாய் ஸ்பீக்கர்தான் வேப்பமரத்தில் ஏறும். இந்த வருடம் கமிட்டித் தலைவர் வெள்ளைச்சாமி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். கோயில் வாசலில் மட்டும் கும்மி அடித்தது போதும், டிராக்டரில் சப்பரம் போகும்போது தெருவுக்குத் தெரு கும்மி அடிக்க வேண்டும், பாட்டும் கூடவே வர வேண்டும். ஓடுகிற டிராக்டரில் இசைத்தட்டு எப்படிச் சுற்றும்? ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் முள் அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.

"உன்னால முடியலன்னா சொல்லு கொளஞ்சி. ஜெயங்கொண்டத்து குருமூர்த்தி சிடி வச்சிருக்கான், ஆள் ஒசரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி வச்சிருக்கான், கூப்பிட்டா வந்துருவான்" என்றாராம் வெள்ளைச்சாமி.

மாமா அதை எங்களிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நம்ம ஊரே நமக்கு இல்லன்னு ஆயிட்டா வெளியூர்க்காரன் எவன் கூப்பிடுவான்? குழாய எல்லாம் எடைக்குப் போட்டுட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்." அக்கா சிரிக்கவில்லை.

மாமாவுடைய பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு எம்பி3 ப்ளேயர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். தீப்பெட்டி அளவு. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், தட்டில் இருப்பதை இதற்குள் ஏற்றிவிடலாம் மாமா என்று சொன்னேன். அதனால் நேற்று இசைத்தட்டு ஓட்டும் பெட்டியையும் தட்டுகளையும் டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிக்கொண்டு வந்தார். கும்மிப் பாட்டுத் தட்டைப் போட்டது, முள்ளை வைத்தது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டது எல்லாம் அவர். வயரைச் சொருகியது மட்டும் நான்.

நாளை: நீலத் துளை.

5.5.2005, வியாழன்

நீலத் துளையில் நன்றாகப் பதிவாகிறது. நேற்றும் இன்றும் பெரும்பாலான தட்டுகளை முடித்துவிட்டேன். மாமா வரவில்லை. வேப்பந்தட்டையில் ஒரு காதுகுத்துக்கு மைக் செட் கட்டப் போய்விட்டார். பெட்டியை வகுப்பிலேயே விட்டிருக்கிறார்.

கும்மிப் பாட்டுத் தட்டுதான் தொல்லை கொடுத்தது. "செம்மண்ணுத் தெருவெல்லாம் சிலம்பு குலுங்க வந்தாளே" என்ற அடியில் ஒரு கீறல். முள் அங்கே போனதும் டக்கென்று பின்னால் குதித்து, "குலுங்க வந்தாளே, குலுங்க வந்தாளே" என்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முள் தாவுகிற தட்டுகளுக்கு மாமா முள்ளின் தலையில் ஒரு நாணயம் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓர் எட்டணாவை வைத்தேன். கனத்தில் முள் கீறலைத் தாண்டிப் போய்விட்டது. சரியாக வந்ததா என்று சந்தேகம் வந்ததால் திரும்பத் திரும்ப ஓட்டிப் பதிந்தேன், அதில் சிறந்ததை எடுத்துக்கொண்டேன். மிச்சமிருந்த டக் சத்தத்தையும் திரையில் தேடிப் பிடித்து வெட்டினேன். பாட்டு இப்போது கழுவி வைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருக்கிறது.

இதுவரை செய்ததில் இதுதான் எனக்கு முழுத் திருப்தி தந்த வேலை. எழுதும்போதே பயமாகவும் இருக்கிறது. திருப்தியாக இருக்கும்போதுதான் நான் எதையாவது கவனிக்காமல் விடுவேன்.

நாளை: ப்ளேயரில் ஏற்றி மாமாவிடம் கொடுக்க வேண்டும்.

8.5.2005, ஞாயிறு

பயந்தபடியே ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

காலையில் கோயில் வாசலில் கும்மி ஒத்திகை. குஞ்சம்மாள் அத்தைதான் கும்மிக்குத் தலைமை. அவர் கை தட்டினால்தான் மற்ற கைகள் தட்டும். மாமா ப்ளேயரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டியபோது அத்தை கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இதுக்குள்ளயாடா அவ்ளோ தட்டும் இருக்கு?"

"ஆமாத்த."

"எதையும் மடிச்சுக் கிடிச்சு வச்சிருக்கியா?"

பாட்டு ஆரம்பித்தது. மரத்துக் குழாயிலிருந்து வந்த குரலைக் கேட்டு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு தெளிவு. "சிலம்பு குலுங்க வந்தாளே" வந்தது. அப்போது மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வலது கை ஆள்காட்டி விரல் தானாக முன்னால் போய்க் காற்றில் எதையோ தள்ளியது. அதே நேரம் வட்டம் உடைந்தது. பாதிப் பேர் வலது பக்கம் திரும்பினார்கள், மீதிப் பேர் நின்றார்கள். பாட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டிருந்தது. ஆண்டாயி அக்காவின் வளையல் என் அக்காவின் மூக்கில் பட்டு ரத்தம் வந்தது.

"பாட்ட எவடி அறுத்தது?" என்றார் குஞ்சம்மாள் அத்தை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். இந்த ஊரில் "குலுங்க வந்தாளே" மூன்று தடவை வரும். முதல் தடவை குனிந்து தட்ட வேண்டும். இரண்டாவதுக்கு வலது சுற்று. மூன்றாவதுக்கு இடது சுற்று, சுற்றி முடித்தால் மறுபடி அம்மனைப் பார்த்து நிற்கலாம். தட்டில் கீறல் விழுந்த வருடத்திலிருந்து அப்படித்தான். முள் ஒட்டும், மூன்று தடவை ஓடவிட்டு மாமா விரலால் மெல்லத் தள்ளிவிடுவார். கும்மி அந்த ஓட்டத்திலேயே அமைந்துவிட்டது. நான் மேல்நிலைப் பள்ளிக்காக அரியலூர் விடுதிக்குப் போனவள், கும்மியில் நின்றதில்லை. இத்தனை வருடமும் பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக் கேட்டிருக்கிறேன். தட்டில் ஒட்டுவதைப் பார்த்ததும் கோளாறு என்று நினைத்துவிட்டேன். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "கம்ப்யூட்டர் பாட்டு லட்சணம் தெரிஞ்சு போச்சு. கொளஞ்சி, வர்ற வெள்ளிக்கிழமை குருமூர்த்தியையும் வரச் சொல்றேன். நீயும் போடு, அவனும் போடட்டும். பொம்பளைங்க எதுக்கு ஒழுங்கா ஆடுறாங்களோ அந்த ஆளுக்குத் திருவிழா."

"சரிங்கண்ணே" என்றார் மாமா. எட்டணா வைத்ததை அவரிடம் சொன்னேன். வயர்களைச் சுருட்டும்போது, "தாவுற தட்டுக்குத்தான் புள்ள காசு வைக்கிறது. ஒட்டுற தட்டுக்கு வெரலு" என்று மட்டும் சொன்னார்.

நாளை: நாணயம் இல்லாமல், மாமாவின் விரலோடு மறுபடி பதிய வேண்டும். எளிய வேலைதான்.

9.5.2005, திங்கள்

தட்டு ஒட்டவில்லை.

மாமா வந்து முள்ளை வைத்தார், விரலைத் தயாராக வைத்துக்கொண்டார். "குலுங்க வந்தாளே" ஒரே தடவை வந்தது, பாட்டு நேராகப் போய்விட்டது. மறுபடி வைத்தார். மறுபடியும் நேராகப் போனது. பல தடவை பார்த்தோம். நாணயத்தின் கனத்தோடு நான் திரும்பத் திரும்ப ஓட்டியதில் முள் கீறலின் விளிம்பைத் தேய்த்து ஒரு வழி போட்டுவிட்டது. ஒரு தடவை பதிந்ததோடு விட்டிருந்தால் இது நடந்திருக்காதோ என்னவோ. நம்பிக்கை இல்லாமல் மீண்டும் மீண்டும் சரிபார்த்ததுதான் கெடுத்தது.

"இத்தன வருஷம் கழிச்சு இதுக்கு நோவு தீந்துருச்சு பாரு" என்றார் மாமா.

"இன்னொரு கீறல் போட்டுட்டா என்னங்க மாமா?"

"அது எங்க ஒட்டும்னு யாரு கண்டா? பாட்டுல வர்ற அம்மன் பாதி வழில நின்னுட்டா?"

சிரிக்கப் பார்த்தார். தட்டை உறைக்குள் போடும்போது இரண்டு முறை தவறவிட்டார். பஸ்ஸில் வரும்போது திருப்பூர் என்று எழுதிய வண்டி ஒன்று எதிரே போனது. நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாளை: தெரியவில்லை. மேடத்திடம் கேட்க வேண்டும்.

10.5.2005, செவ்வாய்

மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "தட்டு ஒட்டுறப்ப பதிஞ்சது எதுவுமே இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் "தவறு 1" நினைவுக்கு வந்தது. முதல் நாள் இளஞ்சிவப்புத் துளையில் பதிந்தது. அன்றைக்கு நாணயம் இல்லை. தட்டுக்குப் பக்கத்தில் மாமா நின்றார். அவர் விரல் பழக்கப்படி தன் வேலையைச் செய்திருக்கும். நானோ வயரைப் பற்றிய கவலையில் பாட்டைக் காதில் வாங்கவே இல்லை.

திறந்து ஓட்டினோம். தகர டப்பாச் சண்டைதான். ஆனால் அதற்குள்ளே, குலுங்க வந்தாளே, டக், குலுங்க வந்தாளே, டக், குலுங்க வந்தாளே, அப்புறம் லேசாக ஒரு உரசல். மாமாவின் விரல்!

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து நாற்காலி அஜித்குமார், "என்னங்க, தகரத்தக் கேட்டெல்லாம் அழுவுறீங்க" என்றான்.

அந்தச் சத்தத்தைக் கோயிலில் போட முடியாது. அதை அளவு ஜாக்கெட் மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்றார் மேடம். திரையில் சத்தம் வேலிமுள் வரிசை மாதிரி தெரியும். டக் வரும் இடத்தில் மட்டும் ஒரு முள் உயரமாக நிற்கும். ஒரு டக்கிலிருந்து அடுத்த டக் வரை தட்டு ஒரு சுற்றுச் சுற்றும் நேரம். கெட்டுப்போன பதிவில் அதை அளந்தேன். தெளிவான பதிவில் அதே நீளத்துக்கு வெட்டி, அடுத்தடுத்து இரண்டு முறை ஒட்டினேன்.

வகுப்பு முடியும் நேரத்தில் மாமா வந்தார். இயர்போனில் கேட்டார். தலையை ஆட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. "எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. என்னமோ ஒண்ணு இடிக்குது. இரு, ஆடிப் பாத்துருவோம்."

"ஆடுறதா?"

லுங்கியைத் தூக்கிக் கட்டினார். அத்தனை வருடம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்த கும்மி, அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் குனிந்து கை தட்டி அடி வைத்தார். மொத்த வகுப்பும் எழுந்து நின்று பார்த்தது.

"அண்ணே, கோர்ஸ் மாறி வந்துட்டீங்க!" என்று கத்தினான் அஜித்குமார்.

"நீ தட்டுடா, நெட்டையா நின்னுக்கிட்டு!" என்றார் மாமா ஆடிக்கொண்டே. அவனும் தட்டினான்.

இரண்டாவது சுற்றில் மாமாவின் கால் தயங்கியது. சட்டென்று நின்றார். "டக்கு இல்ல! அந்த டக்குலதான் புள்ள கால எடுத்து வப்பாங்க. டக்கு இல்லாம எப்படித் திரும்புறது?"

நான்தான் பெருமையாக வெட்டி எறிந்திருந்தேன். "தவறு 1"லிருந்து அந்த டக்கை மட்டும் எடுத்து, சத்தத்தைக் குறைத்து, அதற்குரிய இடங்களில் வைத்தேன். மாமா மறுபடி ஆடினார். குனிந்தார், வலது, இடது, நேரே வந்து நின்றார். மேடத்தின் மேஜை இருந்த பக்கம் பார்த்து நின்றதால் மேடம் கும்பிட வேண்டியதாகிவிட்டது.

நாளை: அக்காவிடம் காட்ட வேண்டும். கோப்புக்கு மூன்று நகல். எதையும் அழிக்கக் கூடாது.

13.5.2005, வெள்ளி

குருமூர்த்தி அண்ணனின் பெட்டிகள் நிஜமாகவே ஆள் உயரம். இரண்டை இறக்கவே நான்கு பேர் வேண்டியிருந்தது. அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மாமாவிடம் வந்து கை கொடுத்தார். முதலில் அவரைப் போடச் சொன்னார்கள்.

அதே பாட்டு. கம்பெனி சிடி. தரையே அதிர்ந்தது, வேப்பமரத்துக் காகம் பறந்தது. வெள்ளைச்சாமி மீசையைத் தடவிக்கொண்டு மாமாவைப் பார்த்தார். இவ்வளவு பெரிய சத்தத்துக்கு முன்னால் எங்கள் தீப்பெட்டி என்ன செய்யும்?

"சிலம்பு குலுங்க வந்தாளே" வந்தது. ஒரே தடவை. வட்டம் அப்படியே முட்டிக்கொண்டது. இந்தத் தடவை அக்கா முன்னெச்சரிக்கையாக மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

குஞ்சம்மாள் அத்தை இடுப்பில் கை வைத்தார். "இவனும் அறுத்துட்டான்யா!"

"அம்மா, நான் ஒண்ணும் அறுக்கலீங்க. கம்பெனி பாட்டே இதாங்க."

"கம்பெனிக்கு என்ன தெரியும்? எங்க ஊர்ல வந்து கும்மி அடிச்சுச்சா கம்பெனி?"

சிரிப்பு அடங்கவே நேரம் ஆனது. குருமூர்த்தி அண்ணன் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். இன்னொரு முறை முட்டினார்கள்.

பிறகு மாமா. ப்ளேயரை வயரில் மாட்டி, என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதனால் நடந்ததை முதலில் காதால்தான் அறிந்தேன். குலுங்க வந்தாளே. டக். குலுங்க வந்தாளே. டக். குலுங்க வந்தாளே. ஒவ்வொன்றிலும் இருபது முப்பது கைகள் ஒரே கையாகத் தட்டின. கண்ணைத் திறந்தபோது வட்டம் முழுதும் அம்மனைப் பார்த்து நின்றிருந்தது. யாரும் இடிக்கவில்லை. குஞ்சம்மாள் அத்தை நிறுத்தாமல் அடுத்த அடிக்குப் போனார். பாட்டு முடிந்த பிறகும் கும்மி நிற்கவில்லை. பாட்டே இல்லாமல் அந்த இடத்தை மட்டும் அவர்களாகவே பாடி இன்னொரு சுற்று வந்தார்கள். டக்கையும் நாக்கால் போட்டார்கள்.

வெள்ளைச்சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "கொளஞ்சி, உன் குழாயவே சப்பரத்துல கட்டு."

"சரிங்கண்ணே" என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வார்த்தைதான். குரல்தான் வேறு.

நாளை: ப்ளேயருக்கு மாற்று பேட்டரி வாங்க வேண்டும். வயரின் முனையைப் பற்றவைக்க வேண்டும், டிராக்டர் குலுக்கலில் கழன்றுவிடக் கூடாது.

21.5.2005, சனி

நேற்று திருவிழா. எழுத நேரம் கிடைக்காததால் இன்று எழுதுகிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் சப்பரம் புறப்பட்டது. டிராக்டரின் மட்காட்டில் மாமா, அவர் மடியில் ப்ளேயர். மேலே இரண்டு பக்கமும் குழாய். கிழக்குத் தெருவில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் இன்னும் மூடாமல் கிடக்கிறது. சக்கரம் அதில் இறங்கியபோது மாமா இரண்டு கையாலும் ப்ளேயரை, ததும்பும் தண்ணீர்ச் சொம்பு மாதிரி, தூக்கிப் பிடித்தார். பாட்டு அசையவில்லை. அது அசையாது என்று எத்தனையோ முறை அவருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கித்தான் பிடித்தார்.

தெருவுக்குத் தெரு சப்பரம் நின்றது, கும்மி அடித்தார்கள். கோயில் வாசல் வரை வர முடியாத கலியம்மாள் அக்கா, பிள்ளை பெற்ற பதினாறாம் நாள், வாசற்படியில் நின்றபடியே கை தட்டினாள். மூன்றாவது "குலுங்க வந்தாளே"யில் கைப்பிள்ளையையும் சேர்த்துத் திருப்பினாள். மேலத் தெருவில் குஞ்சம்மாள் அத்தை என்னையும் இழுத்து வட்டத்தில் விட்டார்.

"எனக்கு ஆடத் தெரியாதுங்க அத்த."

"தெரியாமயாடி அத்தன வாட்டி போட்டுப் போட்டுப் பாத்த? வா!"

டக் வந்தது. கால் தானாகத் திரும்பியது.

நடுவில் வயலூர்க்காரர்கள் இரண்டு பேர் மாமாவிடம் ஆவணித் தேருக்குத் தேதி சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "திருப்பூர் பஸ்ஸு போயிருச்சுடி" என்றாள்.

இன்று காலை இன்னொன்று நடந்தது. குருமூர்த்தி அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். மாமா வீட்டில் டீ குடித்துவிட்டு, சற்றுத் தயங்கிக் கேட்டார்.

"மீன்சுருட்டில ஒரு கோயிலு. என் சிடியப் போட்டா அங்கயும் பாட்டு சரியில்லங்கறாங்க. என்ன சரியில்லன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல. பழைய தட்டு ஒண்ணு பூசாரி வூட்ல இருக்கு. தங்கச்சி வந்து பாக்குமா?"

மாமா என்னைப் பார்த்தார். எனக்குச் சரியாக வருமா தெரியவில்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். "வரேங்கண்ணே" என்று வந்துவிட்டது.

நாளை: காலை பஸ்ஸில் மாமாவோடு மீன்சுருட்டி போக வேண்டும். முதலில் ஆடுகிறவர்களைக் கூப்பிட்டு, தட்டைப் போட்டு, அவர்கள் காலைப் பார்க்க வேண்டும். பிறகுதான் வயர். நீலத் துளை. பையில் சில்லறை நாணயம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ் டிக்கெட்டை மாமாவே எடுக்கட்டும்.